இரண்டு வெளி நாய்களுடன் ஒரு துப்பாக்கி

"ஒரு வேட்டைத் துப்பாக்கி. இரண்டு வெளி நாய்கள் உடையது. பக்கம் பக்கமாக வைத்த இரு பீரங்கிகள். பின்புறம் பிளாட்டினம். இங்கிலாந்துக் கட்டை. மூன்று போல்ட்டுகள். 12 மி.மீ. அறை 65. கறுப்புத் தூள் தேர்வில் தேறியது."

இது என் கற்பனை இல்லை. கையெழுத்தும் முத்திரையும் போட்டு, பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஒருவர் செய்து கொடுத்த மொழிபெயர்ப்பு. மூலம் பிரெஞ்சு. ஒருவர் அதை ஆங்கிலமாக்கினார். இன்னொருவர் அந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினார். இரண்டு பேருமே படித்தவர்கள், தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள். இரண்டு பேருமே அந்தத் துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. என் சண்டை அதோடுதான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர். அவருடைய பெரியப்பா சின்ன வயதில் புதுச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அந்த ஊரில் 'சொல்தா' என்பார்கள். சொல்தா பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அவர் காலமானபோது வீட்டுச் சாமான்களோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் நண்பரின் பங்குக்கு வந்தது. கூடவே, அதை வாங்கியபோது கடைக்காரன் கொடுத்த பிரெஞ்சுத் தாள் ஒன்று, மடிப்பில் கிழிந்து. உரிமத்தை வாரிசு பேருக்கு மாற்ற அந்தத் தாளின் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நான் பணியில் இருந்தபோது சில வருடம் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்தவன் என்பதால் நண்பர் மொழிபெயர்ப்பை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"அண்ணே, பிளாட்டினம்னு போட்டிருக்குல்ல, என்ன விலை போகும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் துப்பாக்கியில் நாய் இருக்காது என்று தெரியும். புதுச்சேரியில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர் ஒருவரைப் போனில் பிடித்தேன். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரை நேரில் பிடித்தேன். துப்பாக்கி அப்போது அவர் கடையில்தான் ஒப்படைப்பில் இருந்தது. ஆசிரியருக்கு மொழி தெரியும், துப்பாக்கி தெரியாது. ஆசாரிக்கு அது நேர்மாறு. நடுவில் நான், காதில் போன், கையில் தாள். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தோம்.

முதலில் நாய். பிரெஞ்சில் 'ஷியேன்' என்றால் நாய்தான். துப்பாக்கியில் அது, பின்னுக்கு இழுத்து வைத்தால் விசையைத் தொட்டதும் பாய்ந்து வந்து அடிக்கிறதே, அந்தச் சுத்தி. கடித்த மாதிரி பாய்வதால் நாய். ஆங்கிலேயன் அதே உறுப்பைப் பழைய நாளில் 'காக்' என்றான், சேவல். ஜெர்மன்காரனுக்கும் அது சேவல்தான். இத்தாலியனுக்கு நாய். இந்துஸ்தானியில் 'கோடா', தமிழில் குதிரை. ஸ்பானியன் விசைக்கே பூனைக்குட்டி என்று பேர் வைத்திருக்கிறான், ருஷ்யாக்காரன் கோழி என்கிறான். உலகத்தில் துப்பாக்கி பிடித்த ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் வீட்டு வாசலில் நின்ற பிராணியின் பேரை அதற்கு வைத்திருக்கிறான். அப்படி இருக்க, பிரெஞ்சு நாயைத் தமிழில் நாயாகவே கட்டிப்போட்டால் அது மொழிபெயர்ப்பா? "வெளிக்குதிரை உள்ள துப்பாக்கி" என்று எழுதியிருந்தால் ஆசாரி ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார். அதாவது குதிரை வெளியே தெரியும் பழைய பாணி. பிற்காலத்தில் குதிரையை உள்ளே ஒளித்துவிட்டார்கள். துப்பாக்கியின் வயதைச் சொல்லும் முதல் அடையாளமே அதுதான்.

பீரங்கிக்கு வருவோம். 'கனோன்' என்பது பிரெஞ்சில் பீரங்கியும்தான், துப்பாக்கிக் குழலும்தான். வேட்டைத் துப்பாக்கிச் சீட்டில் அது குழல். ஆங்கிலத்தில் எழுதியவர் 'கேனன்' என்று போட்டுவிட்டார், தமிழில் எழுதியவர் பயபக்தியோடு பீரங்கி ஆக்கிவிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பீரங்கி என்ற நம் சொல்லே 'ஃபிரங்கி' என்பதிலிருந்து வந்தது. ஃபிராங்க் என்ற இனத்தின் பேர் அது. பிரான்ஸ் என்ற நாட்டுப் பேரும் அதிலிருந்து வந்ததுதான். ஆக, பிரெஞ்சுக்காரன் பேரையே அவன் துப்பாக்கிக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கொய்யாத் தோப்புக்காரருக்கு இரண்டு பீரங்கி உரிமம் கேட்டு மனு போயிருக்கிறது என்று நானும் ஆசாரியும் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை.

பிளாட்டினத்தைச் சொன்னபோது அவர் முகம் இன்னும் வாடியது. பிரெஞ்சில் 'பிளாத்தின்' ஆண்பாலாக வந்தால் உலோகம், பெண்பாலாக வந்தால் துப்பாக்கியின் பக்கவாட்டுத் தகடு. குதிரை, வில், கொக்கி எல்லாம் பொருத்தி வைத்திருக்கும் தகடு அது. ஆங்கிலத்தில் 'லாக்'. பிரெஞ்சு ஆசிரியர் பால் வேறுபாட்டைப் போனிலேயே பிடித்துவிட்டார். ஆனால் அந்தத் தகடு எங்கே இருக்கும், எதற்கு இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆசாரி இரண்டு திருகைக் கழற்றித் தகட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அச்சு அசல் நம் திண்டுக்கல் பூட்டின் வயிறு. அதே வில், அதே நெம்புகோல், அதே நுணுக்க வேலை.

இங்கே என் கட்சிக்கு எதிரான ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'லாக்' என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு 'பூட்டு' என்று பெயர்த்திருந்தாலும் சரியாகவே போயிருக்கும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. குருட்டுக்கல் சில சமயம் மாங்காயில் படும். அதை வைத்துக் கண் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது.

'இங்கிலாந்துக் கட்டை' என்பதைப் படித்துவிட்டு அலுவலகத்தில் "தயாரிப்பு: இங்கிலாந்து" என்று ஒரு கட்டத்தில் எழுதிவிட்டார்கள். 'க்ரோஸ் ஆங்லேஸ்' என்பது கட்டையின் வடிவம். கைப்பிடி வளையாமல் நேராகப் போகும் கட்டைக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பேர். நம்மூரில் 'பெங்களூர் கத்தரிக்காய்' என்றால் காய் பெங்களூரிலிருந்து வந்தது என்றா அர்த்தம்? அந்தத் துப்பாக்கியின் குழலிலேயே சாந்த்-எத்தியேன் என்று ஊர்ப்பேர் பொறித்திருக்கிறது. 1764இல் அரச ஆயுதச்சாலை தொடங்கிய ஊர் அது, பிரான்சின் துப்பாக்கித் தலைநகரம். பெயர்த்தவர் குழலைப் பார்த்திருந்தால் இந்தத் தவறு வந்திருக்காது. உரிமத்தில் ஒரு நாடு, குழலில் ஒரு நாடு என்றால் நாளைக்குத் தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகும்போது, "இது அந்தத் துப்பாக்கி இல்லையே" என்பார்கள். உரிமத்தோடு பொருந்தாத துப்பாக்கி உரிமம் இல்லாத துப்பாக்கிதான். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சிறைத் தண்டனை பற்றியது. ஓர் உரிச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டதற்கு ஒரு விவசாயி அந்தப் பிரிவின் வாசலில் போய் நிற்க வேண்டுமா?

'12 மி.மீ.' என்பதும் அப்படித்தான். தாளில் 'காலிபர் 12' என்று மட்டும் இருந்தது. மில்லிமீட்டரைச் சேர்த்தவர் ஆங்கிலக்காரர். 12 போர் என்பது அளவு நாடா வைத்து வந்த எண் அல்ல. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை சரியாகப் போகும் குழல் அது. மில்லிமீட்டரில் ஏறக்குறைய பதினெட்டரை வரும். நம் காவல் நிலையத்து ஏட்டுக்கும் 'டி.பி.பி.எல். 12 போர்' என்றால் தெரியும். 12 மி.மீ. என்று எழுதினால் யாருக்கும் தெரியாத ஒரு ஆயுதம் பதிவேட்டில் பிறந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் காகிதச் சங்கடம். உயிருக்கு உலை வைக்கும் இடம் அடுத்தது.

"அறை 65." ஆங்கிலத்தில் 'ரூம் 65' என்றே இருந்தது. கடையின் கதவு எண்ணாக இருக்கும் என்று தமிழாக்கியவர் நினைத்தாராம். 'ஷாம்ப்ர்' என்றால் பிரெஞ்சில் அறை. துப்பாக்கியில், குழலின் பின் முனையில் தோட்டா உட்காரும் பள்ளம். 65 என்பது அந்தப் பள்ளத்தின் நீளம், மில்லிமீட்டரில். இங்கேதான் மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும், இங்கே விட்டுவிட்டார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் 12 போர் தோட்டாவில் 70 மில்லிமீட்டர் நீளம் சாதாரணம். "70 தோட்டா 65 பள்ளத்தில் நுழையவே நுழையாதே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஆசாரி ஒரு வெற்றுத் தோட்டாவை எடுத்துக் காட்டினார். 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்து நிற்கும் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்ளே மடித்திருக்கும், நீளம் குறைவு. எதிர்ப்பே இல்லாமல் 65 பள்ளத்தில் வழுக்கிக்கொண்டு போகும், மூடியும் சிரமமில்லாமல் மூடும். சுடும்போதுதான் வாய் விரிய இடமில்லாமல் குழலின் குறுகிய பகுதியை அடைக்கும், அழுத்தம் எகிறும்.

அதோடு 'கறுப்புத் தூள் தேர்வு' வேறு. 'பூத்ர் நுவார்' என்றால் சொல்லுக்குச் சொல் கறுப்புத் தூள்தான். நம்மூரில் கருமருந்து. 'எப்ருவ்' என்பதற்கு அகராதியில் சோதனை, தேர்வு, இடர் என்று பல பொருள். துப்பாக்கித் தொழிலில் அது, அளவுக்கு மீறி மருந்து கெட்டித்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்குகிறது என்று குழலிலேயே அடிக்கும் முத்திரை. கருமருந்துக்குத் தாங்கும் என்றுதான் அந்த முத்திரை சொல்கிறது. பிற்காலப் புகையில்லா மருந்தைத் தாங்கும் என்று சொல்லவில்லை. தேர்வில் தேறியது என்று தமிழில் படித்தவர் நல்ல தரமான துப்பாக்கி என்றுதானே நினைப்பார்? எச்சரிக்கையாக எழுதியதை நற்சான்றாக மாற்றிவிட்டது அந்த மொழிபெயர்ப்பு.

நண்பரின் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். உரிமம் மாறியதும் ஒரு பெட்டி தோட்டா வாங்கி, தோப்பில் பன்றி வெருட்ட ஒரு வெடி வெடித்துப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவன். குழல் வெடித்தால் போவது அதன் கீழே தாங்கிப் பிடித்திருக்கும் இடது கை.

"சார், இந்தக் காயிதத்த எழுதுனவரு துப்பாக்கிய ஒரு தடவ தொட்டுப் பாத்திருந்தா போதும் சார்" என்றார் ஆசாரி. "தொட வேண்டாம், ஒரு படமாச்சும் கேட்டிருக்கலாம்ல?"

எனக்கு இதற்கு மேல் ஒரு கோபம் உண்டு. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வர ஏன் ஆங்கிலத்தின் காலில் விழ வேண்டும்? 'வெரூ' என்பதைப் பாருங்கள். பிரெஞ்சில் அது தாழ்ப்பாள். மூன்று தாழ்ப்பாள் என்றால் குழலை உடலோடு மூன்று இடத்தில் பிடித்துப் பூட்டும் அமைப்பு. நேரே தமிழுக்கு வந்தால் 'தாழ்ப்பாள்' என்று அழகாக விழுகிறது. ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் 'போல்ட்' ஆகி, தமிழில் போல்ட்டு-நட்டுப் போல்ட்டாகிவிட்டது. மூன்று போல்ட்டை முடுக்கிய துப்பாக்கி!

தமிழும் பிரெஞ்சும் ஒன்றை ஒன்று நேராகப் பார்த்துப் பேசிய காலம் ஒன்று உண்டு. துய்ப்ளே காலத்துப் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கவர்னர் வீட்டில் நடந்ததைத் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர், இடையில் ஆங்கிலம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பாதிரிமார்கள் தமிழ்-பிரெஞ்சு அகராதி அச்சிட்டுவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் திண்டுக்கல்லுக்கு 1755இல் ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கேயே ஆயுதச்சாலை நடத்தினார். பழனி, விருப்பாச்சி, ஆயக்குடி என்று பாளையப்பட்டுகள் நிறைந்த சீமை இது. பிரெஞ்சுத் துப்பாக்கி வேலைக்காரனும் நம்மூர்க் கொல்லனும் ஒரே பட்டறையில் நின்றபோது இடையில் நின்று ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னது யார்? உறுப்பைக் கையில் தூக்கிக் காட்டியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆங்கிலேயன் மட்டும் என்ன, அகராதியை வைத்தா கற்றுக்கொண்டான்? குழலை மடித்துப் பின்பக்கம் தோட்டா போடும் துப்பாக்கியே பிரான்சின் லெஃபோஷு செய்தது. 1851இல் லண்டன் பொருட்காட்சியில் அதை வைத்தபோது ஆங்கிலத் துப்பாக்கித் தொழிலாளிகள் பிரித்துப் பார்த்து, தாங்களும் செய்ய ஆரம்பித்தார்கள். பிரெஞ்சுக்காரன் 'பாஸ்க்யூல்' என்றதை, அதாவது ஏற்றப்பலகை போல ஏறி இறங்குவதை, இவர்கள் 'ஆக்‌ஷன்' என்றார்கள். சொல்லைப் பெயர்க்கவில்லை. பொருளைப் பார்த்துவிட்டுத் தங்கள் பட்டறையில் இருந்த பேரை வைத்தார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. துப்பாக்கி துருக்கிச் சொல்லாம், அதனால் 'துமுக்கி' என்று சொல்ல வேண்டுமாம். சரி, வையுங்கள். ஆயக்குடிச் சந்தையில் போய்த் துமுக்கி என்று சொல்லிப் பாருங்கள், சளி மருந்து கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள். அதே அன்பர்கள் ரைஃபிளுக்குச் 'சுரிகுழல்' என்று வைத்தது மட்டும் நல்ல சொல். உள்ளே சுரி சுரியாக மரை போகும் குழல். அதை வைத்தவர் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தவராக இருக்க வேண்டும்.

பழைய சொல் எல்லாம் தானாகவே சரி என்றும் நான் சொல்லவில்லை. ரவை என்றால் நமக்குத் தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டு. யாழ்ப்பாணத்துக்காரருக்கு ரவை என்றால் தோட்டாவே. குதிரை என்பது சுத்தி. நம் துப்பறியும் கதைகளிலோ கதாநாயகன் குதிரையை விரலால் அழுத்திச் சுடுவான், அது விசையாகிவிட்டது. பிரெஞ்சிலும் இதே கூத்து. விசைக்கு அவர்கள் சொல் 'தெத்தாந்த்'. ஆனால் பொதுஜனம் 'காஷெத்' என்கிறது. அது உண்மையில் உள்ளே குதிரையைப் பிடித்து நிறுத்தியிருக்கும் கொக்கி. தப்புச் சொல் இரண்டு மொழியிலும் ஊர் முழுக்கப் புழங்குகிறது. அதற்குத்தான் பொருளை மேஜையில் வைத்துக்கொண்டு பெயர்க்க வேண்டும் என்கிறேன்.

"பழைய துப்பாக்கி, அதில் ஒரு பழைய தாள், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். பேரன் தன் செல்போனில் பிரெஞ்சு வாசகத்தைத் தட்டிக் காட்டினான். அதிலும் நாய்தான் வந்தது. "தாத்தா, மெஷினும் அதேதான் சொல்லுது" என்றான், ஏதோ மூன்றாவது சாட்சி கிடைத்த மாதிரி. மெஷினும் துப்பாக்கியைப் பார்த்ததில்லையே கண்ணா.

அன்று மாலை நாங்கள் மூவரும் எழுதிய தாள் இது: "சாந்த்-எத்தியேனில் செய்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, 12 போர். குழல்கள் பக்கம் பக்கமாக. குதிரைகள் வெளியே. பூட்டு பின்பக்க அமைப்பு. நேர்க்கட்டை. மூன்று தாழ்ப்பாள். தோட்டாப் பள்ளம் 65 மி.மீ., அதற்கு மேல் நீளமான தோட்டா போடக் கூடாது. கருமருந்துக்கு மட்டும் தாங்கும் என முத்திரை." 'போடக் கூடாது' என்பது மூலத்தில் இல்லை. ஆசாரி சேர்க்கச் சொன்னார், நான் சேர்த்தேன். மொழிபெயர்ப்பு இலக்கணப்படி அது குற்றம் என்று பிரெஞ்சு ஆசிரியர் போனில் முணுமுணுத்தார். இருக்கட்டும்.

நண்பர் அதை எடுத்துக்கொண்டு போனார். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். எங்கள் தாளில் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இல்லையாம், கோப்பில் சேர்க்க முடியாதாம். முதல் தாளில் முத்திரை இருக்கிறது, அதுவே போதுமாம்.

தோட்டா வாங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லியாகிவிட்டது. எங்கள் தாளைத் துப்பாக்கி உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார் நண்பர். கோப்பில் அந்த இரண்டு நாய்களும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன.